பரண் வைத்த காம்பரா

“டூப்ளெக்ஸ்னா என்னாடி?” என்று, வீடு பார்க்கப் போக ஆட்டோவில் ஏறியதும் அம்மா கேட்டாள். ஒரே வீட்டுக்குள் இரண்டு தட்டு இருக்கும், ஏறி இறங்க உள்ளேயே படி இருக்கும் என்றேன். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒற்றை அறையைக் காம்பரா என்றே சொல்லிப் பழகியவள், கொஞ்சம் யோசித்தாள். “அப்ப பரண் வச்ச காம்பரா.”

இதைவிடச் சுருக்கமாக எந்த விளம்பரமும் சொல்லாது.

வீடு எனக்கல்ல. அண்ணன் கத்தாரில் இருக்கிறான். 2025 நவம்பரில் டித்வா புயல் மழையில், நோர்வூட் பக்கம் அம்மா இருக்கிற வீட்டுக்குப் பின்னால் மண்மேடு கொஞ்சம் சரிந்தது. வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தச் சரிவின் படத்தைப் பார்த்ததிலிருந்து அவனுக்குத் தூக்கமில்லை. அம்மாவைக் கண்டிக்குக் கொண்டுவந்துவிடு என்கிறான். நான் இருப்பது கண்டியிலேயே கட்டுக்கலையில், இன்னொருவர் வீட்டோடு ஒட்டிய ஒரு அனெக்ஸ். கணக்கு டீச்சர் சம்பளத்துக்கு அதுதான் கட்டும். ஆகவே வாங்குவது அவன், பார்ப்பது நான், இருக்கப்போவது அம்மா என்று ஏற்பாடு.

விளம்பரத்தில் முதல் சொல்லே ‘வெளிச்சமான’. இடம் ராஜபிஹில்ல மாவத்தைப் பக்கம், ஏரியைப் பார்த்த சரிவு. 1,450 சதுர அடி, 480 லட்சம். (கோடி என்று சொன்னால் வாங்குகிறவர் பயந்துவிடுவார் என்றோ என்னவோ, புரோக்கர்கள் லட்சத்திலேயே எண்ணுகிறார்கள்.) இந்த ரோட்டில் இப்போது காப்பிக் கடைகளும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் தங்கும் விடுதிகளும்தான். ஒரு கடைப் பலகையில் ஒரு கோப்பை தேத்தண்ணி 700 ரூபாய் என்று எழுதியிருந்தது. அம்மா கடைசியாகத் தேயிலைக் கொழுந்து பறித்தது 2015இல். அப்போது அவள் நாள் சம்பளமே அதைவிடக் குறைவு. பலகையை நான் அவளுக்குக் காட்டவில்லை.

புரோக்கர் நானா கதவைத் திறந்தபோது மணி ஒன்பதரை. கூடத்தின் கிழக்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி, கீழ்த்தட்டிலிருந்து மேல்தட்டுக் கூரை வரைக்கும். வெயில் தரையில் விழுந்து, படியில் ஏறி, எதிர்ச் சுவரில் பாதி வரைக்கும் நின்றது. வடக்கு ஜன்னலில் ஏரி. பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அந்த நிமிஷமே அந்த வீடு வேண்டும் போலிருந்தது.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றாள். “கண்ணு கூசுது.”

நாங்கள் பிறந்தது தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில், இரட்டை லயத்தில். இரண்டு வரிசைக் காம்பராக்கள் முதுகோடு முதுகு ஒட்டியிருக்கும், நடுவில் ஒரே சுவர். அதனால் பின்பக்கம் ஜன்னல் வைக்க வழியே கிடையாது. 10க்கு 12 அடி, முன்னால் இஸ்தோப்பு என்கிற ஒரு திண்ணை, உள்ளே ஆறு பேர். பகலிலும் குப்பி விளக்கு. தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் ஜூன், ஜூலையில் துணி காயவே காயாது. பீலியில், அதாவது தண்ணீர்க் குழாயடியில், துவைத்த வெள்ளை யூனிஃபோர்மை அம்மா அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போடுவாள். காலையில் அது காய்ந்திருக்கும், ஆனால் காலர் ஓரத்தில் பழுப்பேறி, புகை வாடையோடு. ஹட்டனில் படித்தபோது எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளை ஒருநாள் மூக்கைச் சுருக்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். அப்புறம் அந்த வருடம் முழுக்க நான் கடைசி வாங்கில்தான் இருந்தேன்.

அதனால் வெளிச்சம் என்று யாராவது விற்க வந்தால் எனக்கு நிதானம் தவறிவிடும். அம்மாவுக்குத் தவறவில்லை. கூடத்தைச் சுற்றி வந்தாள், பால்கனியில் நின்று கையை வெயிலில் நீட்டிப் பார்த்தாள், திரும்பி நானாவிடம் கேட்டாள்.

“தம்பி, துணி எங்க காயப்போடுறது?”

நானா கொஞ்சம் தடுமாறிவிட்டார். பால்கனியில் துணி போடக்கூடாதாம். வெளியிலிருந்து பார்த்தால் கட்டடம் அசிங்கமாகத் தெரியும் என்று நிர்வாகக் குழுவின் விதி. சமையலறைப் பக்கம் ஒரு இருட்டு மூலையைக் காட்டி, இங்கே காயவைக்கிற மெஷின் வைக்கலாம் என்றார்.

“இம்புட்டு வெயில வச்சுக்கிட்டு?” என்றாள் அம்மா.

மேல்தட்டுக்குப் பதினாறு படி. எண்ணியது நான். படுக்கையறை இரண்டும் மேலே, கீழே கூடமும் சமையலறையும் ஒரு சின்ன டாய்லட்டும் மட்டும். லிஃப்ட் கீழ்த்தட்டு வாசலோடு நின்றுவிடும். முப்பது வருடத்துக்கு மேல் கூடையோடு மலை ஏறி இறங்கிய முழங்கால் அது. ஆறாவது படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “நீ போயி பாத்துட்டு வா” என்றாள். மேலே அறைகள் அழகுதான். ஆனால் ஒரு அறைக்குக் கூடத்துப் பக்கம் சுவரே இல்லை, வெறும் கைப்பிடிக் கம்பி. கீழே மிளகாய் தாளித்தால் மேலே படுத்திருக்கிறவர் தும்ம வேண்டியதுதான். ஜன்னலைத் திறந்துவைக்கலாமா என்றேன். குரங்கு வரும் டீச்சர் என்றார் நானா. கண்டியில் இருக்கிற எவருக்கும் அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

சரி, கடதாசிகளுக்கு வருவோம். மாடி வீட்டுக்கு உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், உண்டா என்று பலர் கேட்கிறார்கள். உண்டு. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, கட்டடத்தைத் தனித்தனி வீடுகளாகப் பிரித்துக் காட்டும் கூட்டாதன வரைபடம் பதிவாகியிருந்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி உறுதி எழுதலாம். படிக்கட்டு, லிஃப்ட், கூரை எல்லாம் எல்லோருக்கும் பொது. கார் நிறுத்துமிடம் நம் வீட்டோடு சேர்ந்ததா என்பதை அந்த வரைபடத்தில்தான் பார்க்க வேண்டும், நானா வாயால் சொல்வதில் அல்ல. அனுமதித்தபடியே கட்டியிருக்கிறது என்கிற மாநகர சபையின் இணக்கச் சான்றிதழும் வேண்டும். சிஓசி என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். முத்திரைத் தீர்வை வாங்குகிறவர் தலையில்: முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 480 லட்சத்துக்குக் கணக்குப் பார்த்தால் 19 லட்சத்துக்கு மேல் போகிறது. உறுதி எழுதுகிற நொத்தாரிசுக்குக் கொடுப்பது தனி. அண்ணனுக்கு இதைச் சொன்னபோது அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

எனக்கு முக்கியமாகப் பட்டது கட்டடத்துக்குப் பின்னால் இருந்த மண் வெட்டு. கூடத்தில் நின்றால் ஏரி தெரியும், குளியலறை ஜன்னலைத் திறந்தால் செங்குத்தாக மண். அடியில் தாங்கு சுவர் இருக்கிறது. அதில் தண்ணீர் வடியக் குழாய் வாய்கள் விட்டிருக்கிறார்கள், இரண்டில் புல் முளைத்து அடைத்திருந்தது. மலைச்சரிவில் கட்டும்போது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை எடுத்திருக்க வேண்டுமே, அது எங்கே என்றேன். நானா போனைத் துழாவி ஒரு படம் காட்டினார். முதல் பக்கம் மட்டும். நிபந்தனைகள் இருக்கிற பக்கம் இல்லை. ஓனரிடம் கேட்டு அனுப்புவதாகச் சொன்னார். மண்ணுக்குப் பயந்து நோர்வூட்டிலிருந்து அம்மாவைக் கிளப்பி, 480 லட்சத்துக்கு இன்னொரு மண்மேட்டுக்கு முன்னால் கொண்டுபோய் வைக்க நான் தயாரில்லை.

பத்தேமுக்காலுக்கு இறங்கி வந்தோம். அண்ணன் வீடியோவில் கூப்பிட்டான். எப்படிம்மா இருக்கு என்றான்.

“வெளிச்சமாத்தான் இருக்கு” என்றாள் அம்மா.

“அப்ப வாங்கலாமா?”

“இரு. சாயந்தரம் அஞ்சு மணிக்கு இன்னொருக்கா வந்து பாக்கணும். மலை பின்னால நிக்குது, வெயிலு எப்ப போகுதுன்னு தெரியணும்ல.”

நானாவிடம் சாயந்தரத்துக்குச் சாவி கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை வாங்க டீச்சர் என்றார். அதற்குள் அந்த அறிக்கையின் மிச்சப் பக்கங்களையும் கேட்டுவைத்திருக்கிறேன். கட்டுக்கலைக்குப் போகிற வழியில், செல்வ விநாயகர் கோயிலுக்குக் கிட்ட ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, அம்மா ஒரு டசின் துணிக் கிளிப் வாங்கினாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.