30,000 வந்தது, மீதி வாய்தாவில் இருக்கிறது

செங்கல் சூளையிலிருந்து மீட்கப்பட்ட ஓர் இருளர் குடும்பத்துக்காக ஒன்றரை வருடமாக அலைந்துகொண்டிருக்கிறேன். அக்கா, அவர் கணவர், அக்காவின் தம்பி என்று மூன்று பேர். 20,000 ரூபாய் முன்பணத்துக்காக மூன்று சீசன் கல் அறுத்தவர்கள்.

1976ஆம் வருடக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி கொத்தடிமைக் கடன் அடியோடு ரத்து. ஆனால் அரசின் மறுவாழ்வுப் பணம் வாங்க, கொத்தடிமையாக இருந்து விடுவிக்கப்பட்டவர் என்று சொல்லும் விடுவிப்புச் சான்றிதழ் வேண்டும். விசாரணையில் "அடித்தார்களா, பூட்டி வைத்தார்களா?" என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். இல்லை என்றார் அக்கா. எனக்குப் பதறியது. "சந்தைக்குப் போகணும்னா ஒருத்தரை சூளையில விட்டுட்டுத்தான் போகணும்" என்று அவரே சொன்ன பிறகுதான் எழுத்தர் பேனாவை எடுத்தார். கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடன் கொடுத்தவர்தான், சட்டத்தின் 15ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அந்த அறையில் யாருக்கும் அது நினைவுக்கு வரவில்லை, எனக்கும்தான்.

சான்றிதழ் கிடைத்தது. உடனடி உதவி ஆளுக்கு 30,000. பணம் தயார், போடுவதற்குக் கணக்கு இல்லை. ஏரிக்கரையில் குடிசை போட்டிருப்பவர்களிடம் முகவரிச் சான்று கேட்டால் எங்கே போவார்கள்? தம்பியிடம் ஆதார் இருந்தது, ஆனால் சான்றிதழில் அவர் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அதற்கு மூன்று நடை, மூன்று நாள் கூலி போச்சு. (சான்றிதழ் எழுதும்போதே பக்கத்தில் நின்று பெயரைச் சரிபாருங்கள்.) அக்காவின் பங்கையும் கணவர் கணக்கிலேயே போட்டுவிடலாமே என்றார் ஓர் ஊழியர். அக்கா மறுத்துவிட்டார்.

மறுவாழ்வுத் திட்டப்படி முழுத்தொகை ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கு 2 லட்சம். அதை முதலாளி மீதான வழக்கின் தீர்ப்போடு முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். சாட்சி சொல்ல வேண்டியவர்களோ பிழைப்புக்குக் கரும்பு வெட்டப் போய்விடுகிறார்கள். அப்புறம் என்ன, வாய்தாதான். கொத்தடிமை முறைக்கு முகாந்திரம் இருப்பதாக மாவட்ட நிர்வாகம் கண்டுவிட்டால், தண்டனை விவரம் இல்லை என்பதற்காக நிதி கேட்கும் கருத்துருவை நிறுத்தக் கூடாது என்று திட்டத்திலேயே இருக்கிறது. அந்தப் பத்தியை நகலெடுத்து மனுவோடு வைத்த பிறகுதான் கோப்பு ஒரு மேசை நகர்ந்தது.

இத்தனைக்கும் இது மறுவாழ்வு உதவிதான். மூன்று சீசன் கூலி பாக்கியை இதுவரை யாரும் கணக்குப் போடவில்லை. எத்தனை ஆயிரம் கல் என்ற நோட்டு முதலாளியிடம் இருக்கிறது.

போன வாரம் தம்பி போன் செய்தார். வேறொரு சூளை மேஸ்திரி முன்பணம் தருகிறாராம். "நம்ம பணம் எப்ப சார் வரும்?" என்று கேட்டார். அடுத்த வாய்தா தேதியைச் சொன்னேன்.