எக்ஸெல்லுக்கு ஒரு கும்பிடு

எங்கள் டீமில் ஒன்பது பேர். கடைகளுக்கான பில்லிங் சாஃப்ட்வேர் செய்கிறோம், நான் டெஸ்டர். போன வருடம் வரை பக் (சாஃப்ட்வேரில் கண்ட பிழை) எல்லாம் ஒரே எக்ஸெல் ஷீட்டில்தான். ஒரு வெள்ளிக்கிழமை யாரோ 'ஸ்டேட்டஸ்' நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து அகரவரிசைப்படுத்தி சேவ் பண்ணிவிட்டார்கள். மற்ற நெடுவரிசைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. நான் திறந்து வைத்திருந்த ஜிஎஸ்டி ரவுண்டிங் பக் 'குளோஸ்டு' ஆகிவிட்டது. ரிலீஸும் போய்விட்டது. திங்கட்கிழமை காலையிலேயே கடைக்காரர் போன்: "பில்லுல ஒரு ரூபா ஏறி வருதே!"

அதன் பிறகுதான், பக்குகளைப் பதிந்து பின்தொடர்வதற்கென்றே இருக்கும் சாஃப்ட்வேர் ஒன்றுக்கு மாறலாம் என்று ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். சரி, வாரத்துக்கு ஒன்றாகப் போட்டுப் பார்ப்போம் என்று முடிவானது.

முதலில் ஜிரா. பத்துப் பேர் வரை இலவசம், நாங்கள் ஒன்பது. ஆனால் எங்கள் டீம் லீட், ஒர்க்ஃப்ளோவில் (ஒரு பக் எந்தெந்த நிலைகளைக் கடக்க வேண்டும் என்ற படத்தில்) அம்புக்குறி வரைய உட்கார்ந்தவர் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. ஒரு டிக்கெட்டை, அதாவது ஒரு பக்கின் பதிவை, மூடுவதற்குள் ஏழு நிலை. குறை ஜிராவுடையது அல்ல; கொடுத்த சுதந்திரம் எங்களுக்கு அதிகம்.

அடுத்து பக்ஸில்லா. 1998-இல் மொஸில்லா பிரவுசர் திட்டத்துக்காகப் பிறந்தது. ஜிராவின் பெயரே இதைக் கிண்டலடித்து வந்ததுதான்: காட்ஸில்லாவுக்கு ஜப்பானியப் பெயர் கோஜிரா, அதில் முதலெழுத்தை வெட்டினால் ஜிரா. தேடல் அபாரம். ஆனால் அதன் முகத்தைப் பார்த்ததும் புதுப் பையன்கள் இருவரும் சிரித்துவிட்டார்கள்.

மூன்றாவது மாண்டிஸ். பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் பக் எழுதும் படிவத்தில், எத்தனை தடவைக்கு எத்தனை தடவை வருகிறது என்று தனியாக ஒரு கேள்வி: எப்போதும், சிலசமயம், ஒழுங்கில்லாமல், இன்னும் முயலவில்லை. அங்கேயே விழுந்துவிட்டேன். பிரிண்டர் பேப்பர் தீரும்போது மட்டும் பில் இரண்டு முறை பதிவாகும் பக்குக்கு 'சிலசமயம்' என்று போட்டேன். வழக்கமாக "என் மெஷின்ல வரலையேக்கா" என்று திருப்பி அனுப்பும் தம்பி, அன்று தானாகவே பேப்பர் ரோலை உருவிவிட்டு உட்கார்ந்து பார்த்தான். வந்தது.

மாண்டிஸையே வைத்துக்கொண்டோம். முதல் பக்கின் எண் 0000001. எங்கள் மேனேஜர் அந்த ஏழு இலக்கத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, எத்தனை லட்சம் எழுதறதா உத்தேசம்?"