கட்டிலிலிருந்து 11 எட்டு

ஜூலை 3, 2024, புதன்

கட்டிலிலிருந்து பாத்ரூமுக்கு 11 எட்டு. இன்று எண்ணிப் பார்த்தேன். முதல் எட்டில் குதிகாலுக்கு அடியில் யாரோ ஆணியை நிறுத்திப் பிடித்திருப்பது போல, அடுத்த மூன்றும் அப்படியே, ஆறு வரைக்கும் சுவர் வேண்டும். ஒன்பதில் கொஞ்சம் மனிதன். பல் தேய்த்து முடிக்கும்போது ஒன்றுமே இல்லாதது போல் இருக்கிறது, அதுதான் எரிச்சல். யாரிடமாவது காட்டலாம் என்றால் வலி ஓடிப்போய்விடுகிறது.

ஜூலை 4

வலி பத்துக்கு 8. பள்ளிக் காலை வணக்கக் கூட்டத்தில் நாற்பது நிமிடம் நின்றது தப்பு.

ஜூலை 7, ஞாயிறு

அம்மா விடவில்லை. "எய்யா, குதிங்கால் வாதம்யா இது, செங்கலைச் சுட வச்சு எருக்கெலயைப் போட்டு மிதி, ஒங்க தாத்தாவுக்கு அப்படித்தான் போச்சு." கொல்லையில் விறகடுப்பை மூட்டி அரைச் செங்கலைப் போட்டாள். வாய்க்கால் கரையில் எருக்கு பறித்தது நான். பால் கையில் ஒட்டினால் கண்ணைத் தொடாதே என்று நாற்பத்தெட்டு வயதுக்காரனிடம் மூன்று தடவை சொன்னாள்.

செங்கல் மேல் இலையை வைத்ததும் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம், பச்சையாக ஒரு வாடை. குதிகாலை லேசாக வைத்து எடுத்து, வைத்து எடுத்து, சூடு தாங்கும்போது முழுசாக அழுத்த வேண்டும். இலை கறுத்துச் சுருண்டதும் அடுத்த இலை. ஏழு இலை. சுகம் என்றால் அப்படி ஒரு சுகம், அங்கேயே தூங்கிவிடலாம் போல இருந்தது. சாயங்காலம் முழுக்க வலி இல்லை.

ஜூலை 8

காலை மறுபடி 8. அம்மாவிடம் 5 என்று சொன்னேன்.

ஜூலை 9, செவ்வாய்

எக்ஸ்ரேயில் முள் தெரிகிறது. ரோஜாச் செடி முள்ளை ஒடித்து எலும்பில் ஒட்டவைத்தது மாதிரி. இதுதான் ஆசாமி என்று நான் விரலை வைத்தேன், டாக்டர் அதைச் சட்டையே பண்ணவில்லை. வலியே இல்லாத எத்தனையோ பேருக்குப் படம் எடுத்தாலும் இதே முள் இருக்கும், வலிக்கிறது அது இல்லை என்கிறார். குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை உள்ளங்காலில் பட்டையாக ஒரு நாண் ஓடுகிறது, அது எலும்பில் பிடித்திருக்கும் இடம்தான் கெட்டிருக்கிறதாம். ராத்திரி முழுக்கச் சுருங்கிக் கிடந்துவிட்டு, காலையில் என் 82 கிலோவும் ஒரேயடியாக ஏறும்போது இழுபடுகிறது.

பத்தில் எட்டு ஒன்பது பேருக்குக் கத்தி வைக்காமலே சரியாகிவிடும் என்றார். நல்ல செய்திதான். எவ்வளவு நாளில் என்று கேட்டேன். ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம். பள்ளிகளுக்கிடையிலான குறுவட்டப் போட்டிக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது டாக்டர் என்றேன், சிரித்தார்.

வெளியே வரும்போது ஏனோ ஏழாம் வகுப்பு பி பிரிவு ஞாபகம் வந்தது. 2011.

ஜூலை 13, சனி

பிசியோதெரபிஸ்ட் சின்னப் பெண், என் மகளைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். 'சார் நீங்களே பி.டி. மாஸ்டர், உங்களுக்குத் தெரியாததா' என்று ஆரம்பித்து எனக்குத் தெரியாததையெல்லாம் வரிசையாகச் சொன்னாள்.

காலையில் கால் தரையில் படுவதற்கு முன்னாடி, கட்டிலிலேயே, வலிக்கிற காலை மற்ற முழங்கால் மேல் போட்டு, விரல்களைப் பிடித்து முன்னங்கால் பக்கமாக வளைக்க வேண்டும். அப்போது மற்றக் கையால் உள்ளங்காலைத் தடவினால் நாண் கொடிக்கயிறு மாதிரி விறைத்து நிற்பது தட்டுப்படுகிறது. பத்து எண்ணும் வரை பிடித்து விட வேண்டும், அப்படிப் பத்துத் தடவை. இது ஒரு நாளைக்கு மூன்று வேளை. அப்புறம் படிக்கட்டு விளிம்பில் விரல்களுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்குவது. ஏற 3 விநாடி, மேலே 2 விநாடி, இறங்க 3 விநாடி. ஒருநாள் விட்டு ஒருநாள்தான், அவசரப்படக் கூடாது. தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் உறையவைத்து உள்ளங்காலில் உருட்டுவது. வீட்டுக்குள்ளேயும் மெத்தென்ற ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பு, டைல்ஸில் வெறுங்காலோடு நடக்கவே கூடாது.

எருக்கு இலையைப் பற்றிக் கேட்டேன். சுட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள் சார், சுகமாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் படிக்கட்டை விடாதீர்கள் என்றாள். கெட்டிக்காரி.

ஜூலை 16

பாட்டில் உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. எடுக்கக் குனிந்ததில் முதுகு பிடித்துக்கொண்டது.

ஜூலை 19, வெள்ளி

காலை 7. அதை விடு.

கோ-கோ பயிற்சியில் எங்கள் நல்ல பிள்ளை கம்பத்தைச் சுற்றித் திரும்பும்போது கரண்டை மடங்கி விழுந்துவிட்டாள். சாரலில் தரை நசநசவென்று இருந்தது, அன்றைக்குப் பயிற்சியே வைத்திருக்கக் கூடாது, வைத்தது நான். பள்ளி வாசலில் ஐஸ் விற்கிற அண்ணாச்சியிடம் ஆறு பாக்கெட் ஐஸ் வாங்கித் துணியில் சுற்றி வைத்தேன். ஆரஞ்சுக் கலர் துணியெல்லாம் ஒழுகியது. அந்த வலியிலும் 'சார் ஒண்ணு குடிச்சுக்கவா' என்று கேட்டாள்.

நாலு எட்டு நடக்கச் சொன்னேன். நடக்க முடியவில்லை. கரண்டை மொளியின் பின் ஓரத்தில் எலும்பை அழுத்தினால் கத்துகிறாள். இந்த இரண்டில் ஒன்று இருந்தாலே எக்ஸ்ரே எடுக்க வேண்டும், இது ஒட்டாவா விதி, கனடாவில் 1992இல் வகுத்தது, ஒரு பயிற்சி முகாமில் சொல்லிக் கொடுத்தார்கள், உருப்படியாக நான் கற்றுக்கொண்ட சிலவற்றில் ஒன்று. எடுத்தாயிற்று. எலும்பு முறியவில்லை, தசைநார்தான்.

ஜூலை 22, திங்கள்

அவள் அப்பா சனிக்கிழமையே சுளுக்கு வழிக்கிற ஆளிடம் கூட்டிப்போய் எண்ணெய் போட்டு நன்றாக நீவிவிட்டிருக்கிறார். கால் பலூன். கோபமாகப் பேசப்போனேன். 'சார், நீங்களும் செங்கலை மிதிக்கீங்கன்னு பிள்ளைங்க சொல்லுதுவள்' என்றார். யார் சொன்னது என்று தெரியவில்லை. மெதுவாக, புதுக் காயத்தை நீவினால் உள்ளே கசிவு கூடும், கொஞ்ச நாள் தொடவேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

பிசியோவிடம் அவளையும் அனுப்பினேன். இருபது வருடமாக நான் கரும்பலகையில் எழுதிப்போடும் 'ரைஸ்' (ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல்) 1978இல் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர் வைத்த பெயராம், அவரே பிற்பாடு, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தள்ளிப்போடலாம் என்று மாற்றிச் சொல்லிவிட்டாராம். வலி குறைய ஐஸ் கொஞ்ச நேரம் வைக்கலாம், ஆனால் தாங்குகிற அளவுக்கு சீக்கிரமே ஊன்ற விடவேண்டும் என்கிறாள் பிசியோ. கரும்பலகையில் இன்னும் அழிக்கவில்லை.

ஜூலை 24

6. துண்டு, படி, 3-2-3.

ஜூலை 27, சனி

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

பிசியோ சும்மா பேச்சுவாக்கில் கேட்டாள், சார் உங்கள் பள்ளியில் சின்னப் பையன்கள் குதிகால் வலி என்று வருவார்களா, எட்டிலிருந்து பதினாலு வயதுக்குள், ஓடிக் குதிக்கிற பிள்ளைகளுக்கு வரும். குதிகால் எலும்பின் பின்பக்கம் வளர்தட்டு இன்னும் குருத்தாகவே இருக்கும், பையன் திடீரென்று உயரும்போது பின்னங்கால் நாண் அதைப் பிடித்து இழுக்கும். இரண்டு பக்கமும் கையால் நெரித்தால் துடித்துப்போவான். சீவர் நோய் என்று பெயர். ஊசி வேண்டாம், ஆபரேஷன் வேண்டாம், ஓட்டத்தைக் குறைத்து, செருப்பில் குதிகாலுக்குத் திண்டு வைத்து, கெண்டைக்காலை இழுத்துவிட்டால் போதும், வளர்தட்டு எலும்போடு சேர்ந்ததும் தானாகப் போய்விடும்.

வருவார்கள் என்றேன். ஒருத்தன் வந்தான். 2011, ஏழு பி. நல்ல ஓட்டக்காரன். ஆகஸ்டில் குதிகால் வலிக்கிறது சார் என்று நுனிக்காலில் நடந்து வந்து நின்றான். காயம் இல்லை, வீக்கம் இல்லை. காலையில் நன்றாக நடந்து வந்தவன் மைதானத்துக்கு வந்ததும் நொண்டுகிறான். 'நடிக்காதலே' என்று சொல்லி எல்லோர் முன்னாலும் மூன்று சுற்று ஓடவிட்டேன். ஓடினான், நுனிக்காலிலேயே. அடுத்த வாரத்திலிருந்து மைதானத்துக்கு வரவில்லை.

காலையில் நானும்தான் பல் தேய்த்து முடிக்கும்போது நன்றாக நடக்கிறேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஊசி போட்டுக்கொள்ளட்டுமா என்பதே இந்த வாரம் முழுக்க. கணக்கு சார் மூன்று தடவை போட்டிருக்கிறார், ஒரு ஊசி ஒரு மாதம் ராஜா மாதிரி நடக்கலாம் என்கிறார். இப்போது நாலாவதுக்கு அலைகிறார், அதையும் அவர்தான் சொல்கிறார். டாக்டர், ஸ்டீராய்டு ஊசி முதல் சில வாரத்துக்கு நன்றாகக் கேட்கும், திரும்பத் திரும்பப் போட்டால் குதிகால் அடியில் இருக்கிற கொழுப்புத் திண்டு மெலியலாம், நாண் கிழியவும் வாய்ப்பு உண்டு, போட்டுக்கொண்டு நீங்கள் சும்மா இருக்க மாட்டீர்கள், மைதானத்தில் ஓடுவீர்கள் என்றார். ஓடுவேன், உண்மை. முகமது ஷமிக்கும் குதிகால்தான், லண்டன் போய் ஊசி போட்டுப் பார்த்துக் கேட்காமல் பிப்ரவரியில் ஆபரேஷன் பண்ணிக்கொண்டாரே என்று கணக்கு சார் பயமுறுத்தினார். அவருக்கு வேறு நாண், எனக்கு வேறு நாண். ஆனாலும் குதிகால் என்றாலே இப்போது எனக்கு எல்லாம் ஒன்றுதான்.

வேண்டாம் என்று முடிவு. ஞானம் எல்லாம் இல்லை. உள்ளங்கால் ஓரத்தில் ஊசி இறங்கும் என்று கேட்டதும் வயிறு கலங்கிவிட்டது.

ஆகஸ்ட் 4

பின்னங்கால் நாணுக்கு ஒரு வைத்தியம் பற்றிக் கேள்விப்பட்டேன், அந்தக் கதை மூன்று நாளாகத் தலையில் ஓடுகிறது. ஸ்வீடனில் ஹாகன் ஆல்ஃபிரட்சன் என்று எலும்பு டாக்டர், அவருக்கே நாண் வலி. ஆபரேஷன் பண்ணுங்கள் என்று தன் மேலதிகாரியைக் கேட்டிருக்கிறார், உன்னை லீவில் விட ஆள் இல்லை என்று அவர் மறுத்துவிட்டார். சரி, அறுந்துபோனால் பண்ணித்தானே ஆக வேண்டும் என்று வீம்புக்குக் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்கி இறக்கி எடையேற்றியிருக்கிறார். அறுந்துபோகவில்லை, வலிதான் போய்விட்டது. 1998இல் 15 பேருக்கு அதையே 12 வாரம் கொடுத்து, ஒரு நாளைக்கு 180 தடவை, எல்லோரும் மறுபடி ஓடினார்கள். லீவு கொடுக்காத மேலதிகாரியால் உலகத்துக்கு இப்படி ஒரு நன்மை. எங்கள் அலுவலகத்திலிருந்து இன்னும் ஒன்றும் வெளிவரவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ராத்திரி ஒரு மணிக்கு மேல் வரை பாரிஸ் ஒலிம்பிக் ஈட்டி எறிதல். நீரஜ் சோப்ரா 89.45 மீட்டர், வெள்ளி. பாகிஸ்தானின் நதீம் 92.97, தங்கம். நீரஜ் தொடை இடுக்குக் காயத்தோடுதான் எறிந்திருக்கிறார், ஒவ்வொரு தடவையும் ஓடிவந்து விழும்போது அந்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை, டிவி முன்னால் உட்கார்ந்தே பாட்டிலை உருட்டிக்கொண்டிருந்தேன். காலை 5.

ஆகஸ்ட் 13

அதிர்வலைச் சிகிச்சை முதல் தடவை. வாரம் ஒன்றாக மூன்று, தடவைக்கு 1200 ரூபாய். துப்பாக்கி மாதிரி ஒன்றைக் குதிகாலில் வைத்து டக்டக்டக்டக் என்று 2000 அடி. தட்டான் கடையில் மோதிரம் தட்டுகிற சின்னச் சுத்தியல் இருக்குமே, அது. வலிக்கிற இடத்தைச் சரியாகத் தேடிப் பிடித்துத் தட்டுகிறது. 600க்கு மேல் எண்ண முடியவில்லை. எழுந்து நடந்தால் காலே என்னுடையது இல்லை போல இருந்தது.

ஆகஸ்ட் 15

கொடிக்கம்பம் பக்கம் செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். சிமெண்ட் தரை. 7.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

அவனைப் பார்த்தேன்.

குற்றாலம் போகிற ரோட்டில் ஒரு பரோட்டாக் கடை. பார்சல் வாங்க இறங்கினால் கல்லுக்கு முன்னால் அவன். முகம் அதேதான், தாடி மட்டும் புதுசு. வீசி அடித்து மடித்துக் கல்லில் போட்டுக்கொண்டே, 'சார், நல்லாருக்கீங்களா' என்றான். என்னலே இங்கே என்றேன். ஆறு வருடமாக இங்கேதான், மதியம் பன்னிரண்டிலிருந்து ராத்திரி பதினொன்று வரை நிற்பானாம். காலில் தேய்ந்துபோன ரப்பர் செருப்பு, அதைத்தான் பார்த்தேன்.

கேட்டுவிட்டேன். 'ஒனக்கு அப்போ குதிங்கால் வலிச்சுதே.' யோசித்தான். 'குதிங்காலா? ஆமா சார், ஒரு வருஷம் இருந்துச்சு, அப்புறம் போயிட்டு.' அவ்வளவுதான். பரோட்டாக்களைக் குவித்துப் பக்கவாட்டில் அடித்துக்கொண்டே சிரிக்காமல் சொன்னான், 'அந்த வருஷம் ஆண்டு விழாவுல நூறு மீட்டர் ரெண்டாவது வந்தேன். சர்டிபிகேட் தாரேன்னீங்க, தரவே இல்ல சார் நீங்க.'

மூன்று சுற்று ஓடவிட்டதை அவன் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. காசு வாங்க மாட்டேன் என்றான். கல்லாவில் வைத்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 21

இரண்டாவது தடவை தட்டியாயிற்று. 4. நம்பவில்லை, நாளைக்குப் பார்ப்போம்.

மத்தியானம் விளையாட்டு அறையில் நான் வாசல் படியில் குதிகால் தூக்கிக்கொண்டிருக்கிறேன், கோ-கோ பிள்ளை ஒற்றைக் காலில் கண்ணை மூடி நிற்கிறாள். கரண்டையின் நிதானம் திரும்ப வர இதுதான் பயிற்சி. 19 விநாடியில் விழுந்தாள். நான் முயன்று பார்த்தேன், 6.

ஆகஸ்ட் 23, வெள்ளி

குறுவட்டம். அவளை இறக்கவில்லை. அவள் அப்பாவே, 'இறக்குங்க சார், நல்லா நடக்காளே' என்று வந்து நின்றார். நடப்பது வேறு, கம்பத்தைச் சுற்றித் திரும்புவது வேறு, ஒருதரம் மடங்கின கரண்டை இரண்டாவது தரம் மடங்க ரொம்ப யோசிக்காது என்று சொல்லிவிட்டேன். புள்ளிக்குறிப்பு எழுத உட்காரவைத்தேன். தாளைக் கிழிக்கிற மாதிரி அழுத்தி அழுத்தி எழுதினாள். இரண்டு புள்ளியில் தோற்றோம். வேனில் என்னோடு யாரும் பேசவில்லை.

ஆகஸ்ட் 24

8. நாள் முழுக்க நின்றதன் கூலி. மறுபடி முதலிலிருந்தா?

ஆகஸ்ட் 25

செங்கல். ஏழு இலை. அம்மாவுக்குச் சந்தோஷம்.

ஆகஸ்ட் 28

மூன்றாவது தடவை. இனி இயந்திரம் வேண்டாம், படிக்கட்டும் பொறுமையும் போதும் என்கிறாள் பிசியோ. இரண்டில் ஒன்றுதான் வீட்டில் இருக்கிறது.

செப்டம்பர் 1, ஞாயிறு

4.

பீரோ மேலே பழைய பதிவேடுகளை எல்லாம் இறக்கினேன். 2009 இருக்கிறது, 2010 இருக்கிறது, 2012இல் பாதி கறையான்.

செப்டம்பர் 4, புதன்

கிடைத்துவிட்டது, பள்ளியில், உடைந்த கேரம் போர்டுக்குப் பின்னால் ஒரு கட்டாக. அவன் பெயர், ஏழு பி, 100 மீட்டர், இரண்டாம் இடம், எல்லாம் என் கையெழுத்துதான், மை மட்டும் வெளிறியிருக்கிறது. தலைமை ஆசிரியர் கையெழுத்து போடுகிற இடம் காலி. அன்றைக்கு ஹெச்.எம். ஆக இருந்தவர் ஓய்வுபெற்றுப் பாளையங்கோட்டையில் மகன் வீட்டில் இருக்கிறாராம், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. நாற்பது ஐம்பது படி இருக்கும். வெள்ளிக்கிழமை எனக்குப் படிக்கட்டு நாள்தான்.