மண்டபத்து வெக்கையில் சவர்டோ ஸ்டார்ட்டர்: வேலை நேரத்துக்கேற்ப ஊட்டும் முறை

சவர்டோ என்பது கடை ஈஸ்ட்டுக்குப் பதிலாக, ஸ்டார்ட்டர் என்னும் இயற்கையாகப் புளித்த மாவுக் கலவையால் பொங்கவைக்கும் ரொட்டி. அதற்கான குறிப்புகளில் பல, ஸ்டார்ட்டரை உயிர்ப்போடு வைக்க ஊட்டும்போது, காலையும் மாலையும் ஒரு பங்கு ஸ்டார்ட்டருக்கு ஒரு பங்கு மாவும் ஒரு பங்கு தண்ணீரும் சேர்க்கச் சொல்கின்றன. சமையலறை 20 முதல் 24 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும் குளிர்நாட்டு வீடுகளுக்கு அது பொருந்தலாம். ராமேஸ்வரத்துக்கு அருகே உள்ள கடலோர ஊரான மண்டபத்தில் சித்திரை, வைகாசி மாதங்களில் என் சமையலறை இரவில்கூட 30 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. அந்த அளவில் ஊட்டிய ஸ்டார்ட்டர் மூன்று, நான்கு மணி நேரத்தில் பொங்கி உச்சத்தை எட்டி, நான் மாலையில் வேலையிலிருந்து திரும்புவதற்குள் தாழ்ந்து, மேலே நீர் கோத்து, காடி நெடி அடிக்கத் தொடங்கிவிடும்.

இந்த வெப்பத்தில் நொதிக்கும் ஈஸ்டைவிடப் புளிப்பைத் தரும் பாக்டீரியாக்களுக்கே கை ஓங்குகிறது. அமிலம் மிகுந்தால் மாவின் பசைத்தன்மை சிதைந்து, அந்த ஸ்டார்ட்டரைக் கொண்டு பிசைந்த ரொட்டி தட்டையாகப் பரந்துவிடும். ஆகவே, கடிகாரத்தைப் பார்த்து இடையில் ஓடிவந்து ஊட்டுவதைவிட, உச்சம் எட்டும் நேரத்தையே நான் வீட்டில் இருக்கும் நேரத்துக்கு நகர்த்துவது மேல் என்று முடிவு செய்தேன்.

முதலில் மாற்றியது விகிதத்தை. இரவு படுக்கும் முன் 10 கிராம் ஸ்டார்ட்டருடன் 50 கிராம் மாவும் 50 கிராம் தண்ணீரும் கலந்து வைத்தால், விடியற்காலையில் அது ஏறத்தாழ உச்சத்தில் இருக்கிறது. பகல் பொழுதோ இரவைவிட நீளமானது, வெப்பமும் கூடுதல். ஆகவே காலையில் 5 கிராம் ஸ்டார்ட்டருக்கு 50 கிராம் மாவைச் சேர்த்து, தண்ணீரை 30 கிராமாகக் குறைத்து, சப்பாத்தி மாவைப் போலக் கெட்டியாகப் பிசைகிறேன். தண்ணீர் குறைந்தால் நொதித்தல் மெதுவாகிறது. பிசையும் தண்ணீரைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தால் இன்னும் சிறிது நேரம் தள்ளிப்போகிறது. ஆட்டாவில் தவிடும் கனிமச் சத்தும் இருப்பதால் அது மைதாவைவிட விரைவாகப் புளிக்கிறது; எனவே பகல் ஊட்டலுக்கு முழுக்க மைதாவும், இரவு ஊட்டலுக்குக் கால் பங்கு ஆட்டாவும் சேர்க்கிறேன்.

ஜாடியை ஈரத்துணி சுற்றி மண்சட்டியில் வைப்பதையும் செய்து பார்த்தேன். மேலைக்காற்று வறண்டு வீசும் நாட்களில் அது ஓரளவு உதவியது. கடற்காற்று ஈரத்தைச் சுமந்து வரும் மாலைகளில் துணி காயவே மறுத்ததால், உள்ளே குளிர்ச்சி என்று சொல்லத்தக்க எதுவும் ஏற்படவில்லை. உப்பு சேர்ப்பது அதைவிட நம்பகமானது: மாவின் எடையில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்கு உப்பிட்டால் பொங்கும் வேகம் தெளிவாகவே குறைகிறது. ஆனால் ரொட்டி பிசையும்போது அந்த உப்பைக் கணக்கில் கழிக்க வேண்டும்.

உண்மையைச் சொன்னால், வாரம் ஒரு முறை மட்டும் ரொட்டி சுடுபவர் நாள்தோறும் ஊட்ட வேண்டிய தேவையே இல்லை. இப்போது நான் ஞாயிறு இரவு கெட்டியாக ஊட்டி, அரை மணி நேரம் வெளியே விட்டு, பொங்குவதற்கு முன்பே குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுகிறேன். வெள்ளி இரவு எடுத்து, மேற்சொன்ன 10, 50, 50 அளவில் ஒரு முறையும், சனிக்கிழமை விடியலில் ஒரு பங்கு ஸ்டார்ட்டருக்கு மாவும் தண்ணீரும் இரண்டிரண்டு பங்கு வீதம் மறுமுறையும் ஊட்டினால், முற்பகலில் மாவு பிசைய ஸ்டார்ட்டர் தயாராகிவிடும். முதல் ஊட்டலோடு நிறுத்திக்கொண்டால் ரொட்டியில் புளிப்பு சற்றுத் தூக்கலாக இருக்கிறது. வீட்டில் சிலருக்கு அதுவே பிடிக்கிறது. எஞ்சும் ஸ்டார்ட்டர் அடை மாவில் கலந்து தீர்ந்துவிடுகிறது.

வாடைக் காற்று தொடங்கும் கார்த்திகை, மார்கழியில் இதே அளவுகள் மந்தமாகிவிடுகின்றன. அப்போது இரவு ஊட்டலில் 10 கிராமுக்குப் பதிலாக 20 கிராம் ஸ்டார்ட்டர் எடுக்கிறேன்; உப்பும் குளிர்ந்த தண்ணீரும் தேவைப்படுவதில்லை.