சரிந்து முடிந்த பிறகு வந்த எச்சரிக்கை

பிட்காயின் சரிந்து, சரிந்ததில் பாதி மீண்டும் ஏறிய பிறகுதான் 'விலை உங்கள் எல்லையைத் தொட்டது' என்று கைப்பேசி அறிவித்தது. அதை அனுப்பிய, பிட்காயின் வாங்கி விற்கும் தளமான எக்ஸ்சேஞ்சின் வாடிக்கையாளர் சேவையில் கேட்டேன். 'சந்தை கொந்தளிக்கும்போது அறிவிப்புகள் தாமதமாகலாம்' என்றார்கள். கொந்தளிக்காத சந்தைக்கு எச்சரிக்கை எதற்கு? திருப்பிக் கேட்டதற்கு அதே வரி வேறொருவர் பெயரில் வந்தது. சேவைக்கு மதிப்பெண் தரச் சொல்லும் அறிவிப்பு மட்டும் நொடியில் வந்து சேர்ந்தது.

சொந்தமாக ஒரு சிறு நிரல் எழுதி, டெலிகிராம் பாட் (தானாகச் செய்தி அனுப்பும் கணக்கு) வழியாகச் செய்தி வரும்படி அமைத்தேன். அதெல்லாம் எளிது. நிரல் எக்ஸ்சேஞ்சோடு பேசப் பயன்படும் ஏபிஐ சாவிக்குப் பார்வையிடும் உரிமை மட்டும் போதும். வர்த்தகம், பணம் எடுத்தல் இரண்டையும் மூடிவிடுங்கள்.

தொல்லை, எல்லைகளை வகுப்பதில்தான். விலை எல்லையைச் சுற்றி ஊசலாடினால் செய்திகள் கொட்டும்; ஓர் அளவுக்கு மேல் போனால் டெலிகிராமே 429 என்ற பிழையைத் தந்து தடுத்துவிடும். அதனால் ஒருமுறை ஒலித்த எச்சரிக்கை, விலை நன்றாக விலகிப் போய்த் திரும்பினால்தான் மறுபடி ஒலிக்க வேண்டும். ஃபியூச்சர்ஸ் (விலையின் ஏற்ற இறக்கத்தை வைத்துச் செய்யும் ஒப்பந்தம்) வைத்திருப்பவர்கள் எந்த விலையைக் கண்காணிக்கிறோம் என்று பாருங்கள். லிக்விடேஷன், அதாவது நட்டம் மிஞ்சும்போது எக்ஸ்சேஞ்சே ஒப்பந்தத்தை மூடிவிடுவது, பெரும்பாலும் எக்ஸ்சேஞ்ச் கணக்கிடும் மார்க் விலையை வைத்தே நடக்கிறது; செயலிகளின் எச்சரிக்கையோ பல நேரம் கடைசியாக விற்ற விலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

டாலர் போன்றவற்றின் மதிப்போடு கட்டிவைத்த நாணயமான ஸ்டேபிள்காயினுக்கும் தனி எச்சரிக்கை வேண்டும். 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி மூடப்பட்டதும் ஒரு டாலரில் நிற்க வேண்டிய யுஎஸ்டிசி என்ற ஸ்டேபிள்காயின் 90 சென்டுக்கும் கீழே போனது. அந்த நேரத்தில் யுஎஸ்டிசி கணக்கில் பார்த்தால் பிட்காயின் ஏறுவதாகத் தோன்றும். அளவுகோலே சுருங்கினால் எந்த எச்சரிக்கை ஒலிக்கும்?

என்னை மிகவும் வதைத்தது மௌனம். சந்தை அமைதியாக இருந்தாலும் செய்தி வராது, நிரல் செத்துக் கிடந்தாலும் வராது. இப்போது நிரல் சில நிமிடங்களுக்கு ஒருமுறை வெளியே உள்ள ஒரு கண்காணிப்புச் சேவைக்கு 'உயிரோடு இருக்கிறேன்' என்று சொல்கிறது. சொல்லத் தவறினால் அந்தச் சேவை எனக்கு மின்னஞ்சல் அனுப்பும். விலையோடு வரும் நேரக்குறிப்பையும் சரிபார்க்கிறேன், ஏனென்றால் நெரிசலில் ஏபிஐ பழைய விலையையே திரும்பத் திரும்பத் தரக்கூடும். அடுத்த சரிவில் 'தரவு நின்றுவிட்டது' என்ற செய்தி, எக்ஸ்சேஞ்ச் தன் கோளாற்றை ஒப்புக்கொள்ளும் முன்பே எனக்கு வந்துவிட்டது. அன்று எனக்கு ஒரே கொண்டாட்டம்.

ஆண்ட்ராய்டில் பேட்டரி சேமிப்பிலிருந்து டெலிகிராமுக்கு விலக்குக் கொடுங்கள். தொந்தரவு செய்யாதே நிலையிலும் பாட்டின் ஒலி கேட்கும்படி வையுங்கள். 'உங்கள் கணக்கு ஆபத்தில் உள்ளது' என்று இணைப்போடு வரும் போலி எச்சரிக்கைகள் ஏராளம். என் பாட் எந்த இணைப்பையும் அனுப்பாது. இணைப்போடு வருவதைப் படிக்காமலே அழித்துவிடுகிறேன்.