மதுரைக் கல்யாணம், அப்படியே ஒரு கண்டிப் பயணம்

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். திரும்பும்போது மதுரை விமான நிலையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஒரு வாடகைக் கார் பிடித்தோம். பிள்ளைகள் தூங்கி வழிந்ததால் பஸ் வேண்டாம் என்று வாடகையைப் பேசி முடித்துத்தான் ஏறினோம். மேட்டுப்பாளையம் தாண்டியதும் டிரைவர், "இ-பாஸுக்கு 500 ரூபாய் தனியா ஆகும்மா" என்றார். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் இருக்கிறது. வெளியூர் வண்டிகள் இணையத்தில் பதிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஒரு பைசா கட்டணம் கிடையாது. எங்கள் ஊர் டி.என்.43 வண்டிகளுக்கு அதுகூட வேண்டாம். என் போனிலேயே அவர் வண்டி நம்பரைப் போட்டுப் பதிந்து, குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் காட்டிவிட்டு ஏறினோம். காசு தரவில்லை. வீடு வரும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே ஓட்டினார். யாரும் இதற்குப் பணம் கொடுக்காதீர்கள்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். வீட்டுக்காரரின் சித்தப்பா மகளுக்கு மதுரையில் கல்யாணம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம், அங்கிருந்து கோவை, சிங்காநல்லூரில் மதுரை பஸ் என்று இறங்குவதற்கே ஒரு பகல் போய்விடும். அவ்வளவு தூரம் போய், பந்தியில் சாப்பிட்டுவிட்டு அப்படியே திரும்ப மனசு வரவில்லை. மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. அத்தை, அதாவது என் மாமியார், பிறந்தது கண்டிக்கு மேலே ஹந்தானையில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பம். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, அப்புறம் கோத்தகிரி. தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் அரசு இங்கே தேயிலை போட ஆரம்பித்தது. இன்றைய டேன்டீ என்ற அரசுத் தேயிலை நிறுவனம் அதுதான். அங்கே கொழுந்து பறித்துத்தான் அத்தை என் வீட்டுக்காரரைப் படிக்க வைத்தார். அத்தைக்கு அந்த ஊரை ஒரு தடவையாவது காட்டிவிட வேண்டும் என்று எங்கள் கல்யாணத்திலிருந்தே பேச்சு.

செலவில் முதலில் வந்து நின்றது பாஸ்போர்ட். பெரியவர்களுக்கு 1,500 ரூபாய், பிள்ளைகளுக்கு 1,000. புதிதாக எடுக்கும் 60 வயது தாண்டியவர்களுக்கும் எட்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கும் 10 சதவீதம் குறைவு. தத்கால் என்றால் 2,000 ரூபாய் கூடுதல். அதனால் கல்யாணத் தேதி குறித்தவுடனேயே விண்ணப்பித்துவிட்டோம். இலங்கைக்குள் போக இ.டி.ஏ. என்ற பயண அனுமதியை இணையத்தில் எடுக்க வேண்டும். அரசு இணையதளத்திலேயே எடுங்கள். அதே மாதிரி தோற்றத்தில் தரகர்களின் தளங்களும் வருகின்றன. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் இருக்கிறதே என்றும் யோசித்தோம். அது யாழ்ப்பாணத்துப் பக்கம் கொண்டுபோய் விடும். அங்கிருந்து கண்டி ரொம்ப தூரம், குட்டிப் பயணத்துக்குச் சரிவராது.

கொழும்பைப் பார்க்காமல் வருவதா என்று உறவினர்கள் கேட்டார்கள். என் கருத்து ஒன்றுதான்: கையில் நாள் குறைவாக இருந்தால் கொழும்பு வேண்டவே வேண்டாம். விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்க ஊருக்கு வெளியேதான் இருக்கிறது. அங்கிருந்து நேரே கண்டிக்கு ஏறிவிடலாம், சுமார் 100 கிலோமீட்டர்.

ஆனால் நாங்கள் போன தனியார் மினி பஸ்ஸில் போகாதீர்கள். நடுவில் நடக்கிற வழியிலும் மடக்கு சீட்டைப் போட்டு ஆளை உட்கார வைத்துவிடுகிறார்கள். பின்னால் இருப்பவர் இறங்க வேண்டுமென்றால் வரிசையாக எல்லோரும் எழுந்து சீட்டை மடக்க வேண்டும். எங்கள் பெரிய பைக்கு ஒரு ஆள் டிக்கெட் வாங்கினார்கள். அத்தைக்கு முட்டி வலி, காலை நீட்டவே இடமில்லை. வயதானவர்களோடு போனால் மற்ற எதில் வேண்டுமானாலும் மிச்சம் பிடியுங்கள், இந்தத் தூரத்துக்கு மட்டும் கார் எடுங்கள்.

அடுத்து தங்கும் இடம், டிக்கெட் என்று வரிசையாகச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அந்தக் கண்டிச் சாப்பாட்டைச் சொல்லாமல் மேலே போக முடியாது! பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை. சிவப்பரிசி இடியாப்பம், மஞ்சள் நிறத்தில் சுடச்சுடத் தேங்காய்ப்பால் சொதி, மாசிக் கருவாடு போட்டு இடித்த தேங்காய்ச் சம்பல். சம்பலின் உறைப்பில் மகனுக்குக் கண்ணில் தண்ணீர். ஆனாலும் தட்டை விடவில்லை. அத்தை தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் கேட்டு வாங்கி, கூடவே பிளேன்டீ குடித்தார். வீட்டில் எத்தனையோ தடவை செய்து கொடுத்திருக்கிறார், இந்த மணம் வந்ததில்லை. ராத்திரி கொத்து ரொட்டி. பில்லில் ஆயிரக்கணக்கில் எண்ணைப் பார்த்து மகள் பயந்துபோனாள். நம் ஒரு ரூபாய்க்கு அவர்கள் ரூபாய் மூன்றரை போல வரும். வகுத்துப் பார்த்தால் ஊட்டியில் சீசனில் சாப்பிடுவதைவிடக் குறைவு.

புத்தரின் பல் இருக்கும் கோயிலான தலதா மாளிகைக்குத் தோளும் முட்டியும் மூடிய உடையில் போக வேண்டும். பாஸ்போர்ட்டைக் கொண்டுபோங்கள், இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்குக் கட்டணம் குறைவு. எதிரே உள்ள ஏரியை 1807-ல் வெட்டியவர் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். கண்டி ராஜாக்கள் மதுரையிலிருந்து பெண் எடுத்து, 1739-ல் ஒரு ராணியின் தம்பியே அரியணை ஏறினார். அந்த நாயக்கர் வழியில் வந்தவர்தான் இவரும். 1815-ல் ஆங்கிலேயர் பிடித்து வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள், 1832-ல் அங்கேயே இறந்தார். மதுரைக் கல்யாணத்திலிருந்து நேராக வந்த எங்களுக்கு இந்தக் கதை ரொம்பவும் நெருக்கமாகிவிட்டது.

ஹந்தானைக்கு ஏற ஸ்டாண்டில் நின்ற த்ரீவீலர்காரர் சொன்ன தொகையில் பாதிகூட வரவில்லை, பிக்மீ என்ற வாடகை வண்டிச் செயலியில் பார்த்தபோது. அந்தச் செயலியை முதல் நாளே போட்டுக்கொள்ளுங்கள். மேலே பழைய தொழிற்சாலையைத் தேயிலை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். ரோலர் முன்னால் நின்று, வாட்டுவது, உருட்டுவது, புளிக்க விடுவது என்று பேரப்பிள்ளைகளுக்கு அத்தை பாடமே எடுத்துவிட்டார்.

அப்புறம் லயத்துப் பக்கம் நடந்தோம். "எந்தத் தோட்டம்?" என்று வாசலில் நின்ற ஒரு அம்மா கேட்டதுதான், அத்தை திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அங்கே நாள் சம்பளம் எவ்வளவு, இங்கே எவ்வளவு, எத்தனை கிலோ பறிக்கச் சொல்கிறார்கள், லயத்துக்குப் பட்டா கிடைத்ததா என்று ஒரே பேச்சு. அத்தை பிறந்த காம்பராவை, அதாவது அந்த லயத்து அறையை, இடித்துவிட்டார்களாம். அதைக் கேட்டு அவர் அழவில்லை. பக்கத்து லயத்தில் இருந்த குடும்பங்களின் பேரைச் சொல்லி, யார் யார் எங்கே போனார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அதில் ஒரு குடும்பம் இப்போது ஹட்டனில் இருக்கிறதாம்.

அதனால் அடுத்தது ஹட்டன், ரயிலில். முன்பதிவு 30 நாளுக்கு முன்புதான் திறக்கும், ஜன்னலோர சீட்டுக்குப் போட்டி அதிகம். காலாண்டு விடுமுறையைக் குறிவைத்து இந்த மாதமே தனியாகப் பணம் எடுத்துவைக்க ஆரம்பித்துவிட்டோம்.