இ-பைக் பின் ஹப்: அலுமினியமா, எஃகா?

டர்பன் பக்கம் கீபா கார்ஜ் மலைச் சைக்கிள் பாதையில் இ-பைக் (மோட்டார் சைக்கிள் அல்ல, மோட்டார் உதவியுள்ள மிதிவண்டி) ஏறும் தம்பிமார்களே, பின் ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) வாங்கும்போது எடையைப் பார்க்காதீங்க, ஃப்ரீஹப் பாடியை, அதாவது பின் பல்சக்கரங்கள் உட்காரும் உருளையைப் பாருங்க. 85 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையுள்ள மோட்டார், முன்னால் 34 பல், பின்னால் 51 பல் என்றால், மோட்டார் மட்டுமே ஹப்பில் 127 நியூட்டன் மீட்டர் போடும். உங்க கால் பலம் தனி. அலுமினியப் பாடியில் சின்னச் சின்ன பல்சக்கரங்கள் கத்தி மாதிரி வெட்டி இறங்கும். அப்புறம் கேசட் (பின் பல்சக்கரத் தொகுப்பு) கழலவே கழலாது, தட்டித்தான் எடுக்கணும். அதனால எஃகுப் பாடிதான். கொஞ்சம் கனம், பரவாயில்லை, மோட்டார் இருக்கே!

டிடி ஸ்விஸ் 350 ஹைப்ரிட் நல்ல சாமான். எஃகுப் பாடி, 24 பல் ராட்செட் (ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் பல்வளையம்). மிதிக்கும்போது பல் பிடிக்க 15 டிகிரி வரை சுத்தணும், ஆனா பல் தடிமன். கை கடிச்சா, எச்ஜி (ஷிமானோவின் பாடி வகை) எஃகுப் பாடியுள்ள சாதா ஹப் எடுத்து, ஷிமானோ லிங்க்கிளைடு வகை கேசட் போடுங்க, அதே பாடியில் உட்காரும்.

148×12 மி.மீ. பூஸ்ட் (ஹப் அகலமும் அச்சுத் தடிமனும்), 32 ஸ்போக் ஓட்டை, வளைந்த தலை ஸ்போக் (சக்கரக் கம்பி): இதைவிட்டு விலகாதீங்க. ஸ்போக் முறிஞ்சா எந்தக் கடையிலும் கிடைக்கும்.

ஃப்ரீஹப் உள்ளே கெட்டி கிரீஸ் பூசவே கூடாது. ராட்செட்டுக்குப் பதிலா கொக்கி வைத்த ஹப் என்றால், பல்லைப் பிடிக்கும் அந்த ஸ்பிரிங் வைத்த கொக்கிகள் ஒட்டிக்கிட்டு எழும்பாது. ஒன்றிரண்டு மட்டும் பிடித்தால் முழு பாரமும் அதன் மேலே விழுந்து முனை உடையும். மெல்லிய ஃப்ரீஹப் கிரீஸ், லேசாப் பூசினாலே போதும். சேறு கழுவும்போது பிரஷர் தண்ணியை பேரிங் பக்கம் காட்டாதீங்க.